‘அங்கால’யை அரித்த நாள்

ஷெல் சத்தத்துக்கு நான் பழகிவிட்டவள். முகாமிலிருந்து புறப்பட்டுப் போகிற ஷெல் எது, எங்கள் தலைக்கு மேலே வருகிற ஷெல் எது என்று காதாலேயே பிரித்துச் சொல்லுவேன். இன்றைக்கும் றோட்டில் ஒரு லொறிச் சில்லு வெடித்தால் பக்கத்தில் நிற்கிறவர்கள் துள்ளுவார்கள், நான் திரும்பியும் பார்க்க மாட்டேன். ஆனால் கணினியின் கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டி, ஒரு வரியும் வராமல் திரை சும்மா கிடந்தால் நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவேன். இப்போது என்னோடு வேலை செய்கிற பெடியள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு நான் காரணம் சொன்னதில்லை.

யுத்தம் மும்முரமாக நடந்த அந்த வருஷங்களில் மன்னார் நகரத்தில் ஒரு நிவாரண நிறுவனத்தின் கந்தோரில் எனக்கு வேலை. எங்கள் வீடு வங்காலையில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், கூரையும் ஒரு பக்கச் சுவரும் ஷெல்லில் போய்விட்டன. ஷெல் விழுந்த அன்றைக்குப் பக்கத்து வீட்டு அக்கா குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தவ, இருந்த இடத்திலேயே கிடந்தா. வயிறு கிழிந்திருந்தது. கத்தியை மட்டும் கை விடவில்லை. அம்மாவும் சின்னண்ணனும் நானும் அவவை ஒரு பாயில் சுற்றிவிட்டு, கோழிகளைத் திறந்துவிட்டு, நகரத்துக்கு ஓடி வந்தோம். ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் தந்தார்கள். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கடலில் செத்துப்போனவர். மூத்தண்ணனைக் கடற்படை ஒருநாள் கடலில் மறித்து, வலையை வெட்டி எறிந்து, அவனுடைய முதுகில் கயிற்றால் அடித்தது. அதோடு அவன் பெண்சாதி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படகேறி இராமேஸ்வரத்துக்குப் போய்விட்டான்.

பிறகு முசலிப் பக்கம் ஆமி இறங்கியது. அங்கே அரிப்பு என்ற ஊரின் சனம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்து அதே பள்ளிக்கூடத்தில் நிறைந்தது. அம்மாவின் பாய்க்குப் பக்கத்துப் பாயில் அரிப்பு மாமி ஒருவரும் அவவுடைய மகனும். மாமியின் புருஷன் சண்டைக்கு முன்பே வன்னியில் தங்கச்சி வீட்டுக்கு உழவு மெசினோடு போனவர். பாதையை மூடிவிட்டார்கள், ஆள் அந்தப் பக்கமே அகப்பட்டுவிட்டார். மகனுக்கு இருபது வயதிருக்கும். நல்ல படகோட்டி. சின்னண்ணனும் அவனும் ஒரே படகில் தொழிலுக்குப் போகத் தொடங்கினார்கள். பாஸ் எடுத்து, கடற்படை சொன்ன நேரத்துக்குப் போய், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருகிற தொழில்.

என்னுடைய வேலை, இந்தச் சனத்தின் விபரங்களைக் கணினியில் அடித்து, யாருக்கு அரிசி, யாருக்குப் பால்மா, யாருக்குக் கூரைக்குத் தறப்பாள் என்று பிரித்தெடுப்பது. ஒரு குடும்பம் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் பெயர், ஊர், குடும்பத்தவர், ‘இங்கு இல்லாதவர் எங்கே’, தொலைபேசி என்று பத்திகள். கந்தோரில் இருந்தது ஒரு கிழட்டுக் கணினி. அதில் படமும் இல்லை, எலிச்சுட்டியும் வேலை செய்யாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால்தான் அசையும். அங்கே முன்பு வேலை செய்துவிட்டுப் போன ஒருவர் வரிகளைப் பிரிக்க ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தார். அதற்கு நான் ‘அரிதட்டு’ என்று பெயர் வைத்தேன். மா அரிக்கிற அரிதட்டேதான். பத்திகளைப் பிரிக்கிற குறி என்ன, எத்தனையாவது பத்தி, அதில் என்ன சொல் என்று சொன்னால், அந்தச் சொல் உள்ள வரிகளை மட்டும் கீழே கொட்டும். இரண்டு பத்திகளைச் சேர்த்தும் கேட்கலாம்; ஒரு சொல்லுக்கு முன்னால் ஆச்சரியக்குறியைச் சேர்த்தால், அந்தச் சொல் இல்லாமல் தங்கிய மிச்சத்தைத் தரும்.

இந்த அரிதட்டு வந்த புதிதில் என்னை அழ வைத்தது. கொழும்பிலிருந்து வந்த கோப்புகளில் பத்திக்கும் பத்திக்கும் நடுவில் அரைப்புள்ளி போட்டிருந்தார்கள். அவர்களுக்கு என்ன, இங்கிலீசில் அடிக்கிறார்கள். நாங்கள் அப்போது பாவித்த தமிழ் எழுத்தோ உள்ளே இங்கிலீசு எழுத்துகளாகத்தான் கிடக்கும். மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற புள்ளி கணினிக்குள் ஒரு அரைப்புள்ளி. ‘அங்கால’ என்று அடித்தால் கறுப்புத் திரையில் mq;fhy என்று நிற்கும். அரிதட்டு அந்தப் புள்ளியைக் கண்ட இடத்தில் பத்தி முடிந்தது என்று நினைத்து வெட்டிவிடும். மன்னார் ‘மன’ என்றும் ‘னார’ என்றும் இரண்டு துண்டாகும். புள்ளி வைத்த எந்தச் சொல்லையும் நாள் முழுக்கத் தேடினாலும் ஒரு வரி வராது. ஒரு கிழமை, ஏழு நாளும், தலையைப் பிய்த்துக்கொண்டு, பிறகுதான் பிடித்தேன். சனியன் என்று திட்டிவிட்டு, அரைப்புள்ளிகளைத் தூக்கி எறிந்து எல்லாக் கோப்பையும் ரப் (Tab) இடைவெளிக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு அரிதட்டு சொன்னபடி கேட்டது.

‘இங்கு இல்லாதவர் எங்கே’ என்ற பத்தியில்தான் வினை இருந்தது. விபரம் எழுத வந்த பிள்ளை அம்மாவைக் கேட்டாள்.

“மூத்தவர் எங்கயம்மா?”

“அவன் அங்கால போயிட்டான்.”

பிள்ளை ‘அங்கால’ என்று எழுதினாள். பிறகு மாமியைக் கேட்டாள்.

“உங்கட அவர்?”

“அவரும் அங்காலதான் பிள்ளை.”

அதற்கும் ‘அங்கால’. எங்கள் கரைச் சனத்துக்கு அங்கால என்றால் கடலுக்கு அங்கால, இந்தியா. அரிப்புச் சனத்துக்கு அங்கால என்றால் மூடின பாதைக்கு அங்கால, வன்னி. சொல்லுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது விளங்கும், வேறு ஒருவருக்கும் விளங்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆமிக்காரனுக்கு ஒரேயொரு அங்காலதான் இருந்தது, புலிகள் நிற்கிற பக்கம்.

அரிசி லொறி சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டுமென்றால் குடும்ப விபரம் முகாமுக்குப் போக வேண்டும் என்று கட்டளை வந்தது. எங்கள் பொறுப்பாளர் அச்சடித்துக் கொடுத்தார். கொடுக்காமல் என்ன செய்வது, சனம் பசியில் கிடந்தது. கடதாசி அகலம் போதாமல் கடைசிப் பத்தியான தொலைபேசி அச்சில் விழவில்லை. முகாமில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் இருந்தார், மலைநாட்டுத் தமிழர். ‘அங்கால’ என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். ‘எஹா பெத்த’, அந்தப் பக்கம் என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். சொல்லில் பிழையில்லை. சிவப்புப் பேனையால் அந்தச் சொல் வந்த வரிகளுக்கெல்லாம் கோடு போடச் சொன்னார்கள், அவர் போட்டார்.

மறுநாள் விடிய பள்ளிக்கூடத்தைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களையெல்லாம் விளையாட்டு மைதானத்தில் வெயிலில் முழங்காலில் இருத்தினார்கள். முந்தின சுற்றிவளைப்புகளில் முகத்தை மூடின தலையாட்டி ஒருவன் ஜீப்பில் இருந்து, ஆளைப் பார்த்துத் தலையை ஆட்டுவான். ஆட்டினால் ஆள் போச்சு. அன்றைக்குத் தலையாட்டி வரவில்லை. எங்கள் கந்தோர் அச்சடித்த கடதாசியை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டார்கள். நான் அடித்த எழுத்து அது.

ஒரு கிழவரின் மகன் அங்கால. மகனைப் பற்றிக் கேட்டபோது கிழவருக்குக் காது கேட்கவில்லை, கையை விரித்தார். துவக்குப் பிடியால் வாயில் இடித்தார்கள், பல் மண்ணில் விழுந்தது. சின்னண்ணனின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழும்பியபோது அம்மா ஓடிப்போய் அவனுடைய இடுப்புச் சாரத்தைப் பிடித்தா. ஒருவன் அம்மாவின் விரல்களைச் சப்பாத்தால் மிதித்து எடுத்தான். மாமியின் மகனையும் கூப்பிட்டார்கள். அவன் போகும்போது மாமியைப் பார்த்து, “பயப்பிடாதேங்கோ அம்மா, விசாரிச்சுப்போட்டு விடுவாங்கள்” என்றான். லொறியில் ஏற்றும்போது எல்லோருடைய கண்ணையும் அவர்கள் போட்டிருந்த சேட்டைக் கழற்றி அதாலேயே கட்டினார்கள்.

அடுத்த நாள் பொறுப்பாளரும் தேவாலயப் பங்குச் சுவாமியும் நானும் முகாமுக்குப் போனோம். நான் வர வேண்டாம் என்று சுவாமி சொன்னார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அவருக்குப் பயம். நான் கேட்கவில்லை, என் அண்ணன்தானே உள்ளே. வாசலில் வைத்துப் பொறுப்பாளர், “சேர், அங்கால எண்டா இந்தியா” என்று தொடங்கினார். முடிக்க விடவில்லை. காவலுக்கு நின்றவன் கன்னத்தில் அறைந்தான், கண்ணாடி உடைந்து கண்ணோரம் கிழிந்தது. இரத்தம் சேட்டில் வடிய வடிய மனிசன் நின்றுகொண்டே அதே வசனத்தைத் திரும்பவும் சொன்னார். அன்றுவரை அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்திருந்தேன்.

உள்ளேயிருந்து ஒரு அதிகாரி வந்தார். அமைதியான ஆள், சத்தம் போடவில்லை. இந்தியா என்றால் ஆதாரம் எங்கே என்று அந்தப் பொலிஸ்காரரை வைத்துக் கேட்டார். தொலைபேசிப் பத்தி எனக்கு ஞாபகம் வந்தது.

“கொம்பியூட்டரில இருக்குது. இந்தியா நம்பர் எல்லாம் சைபர் சைபர் ஒம்பது ஒண்டில தொடங்கும். பிரிச்சுக் காட்டுறன்” என்றேன்.

அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். தானே வந்து பார்க்கிறேன் என்றார்.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் வந்தார். சிப்பாய்கள் வாசலில் நின்றார்கள். அதிகாரி என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார், இடுப்புத் துவக்கைக் கழற்றி விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். பின்னால் பொலிஸ்காரர், கையில் சிவப்புக் கோடு போட்ட அந்தக் கடதாசிகள். பொறுப்பாளரை அறையின் மூலையில் சுவரைப் பார்க்க நிறுத்தியிருந்தார்கள்.

அரிதட்டைத் தட்டினேன். பிரிக்கும் குறி ரப். இல்லாதவர் பத்தியில் அங்கால. தொலைபேசிப் பத்தி 0091 என்று தொடங்க வேண்டும். வரிகள் மடமடவென்று கீழே இறங்கின. எங்கள் வீட்டு வரியும் இறங்கியது. அதிகாரி திரையில் விரலை வைத்து, அந்த வரியில் இருந்த இலக்கத்துக்கு எடுக்கச் சொன்னார். அது எங்கள் வரி என்று அவருக்குத் தெரியாது. கந்தோர்த் தொலைபேசியில் எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டேன். மூத்தண்ணன் இருந்த அகதி முகாமுக்குப் பக்கத்தில் ஒரு கடை இலக்கம் அது.

“யாருங்க வேணும்?” என்று கடைக்காரர் கேட்டார். பின்னால் பஸ் சத்தமும் ஒரு சினிமாப் பாட்டும் கேட்டன.

பொலிஸ்காரர் அதிகாரியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இந்தியாதான். அதிகாரி நானாகவே தொலைபேசியை வைக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு இந்த வரிகளில் உள்ள ஆட்களின் வீட்டாரை விடலாம் என்று சொன்னார். சின்னண்ணன் வரப்போகிறான் என்ற சந்தோசத்தில் அந்த மனிசனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருப்பேன், அவ்வளவு மடைச்சி நான்.

அதிகாரி சிங்களத்தில் ஏதோ சொன்னார். பொலிஸ்காரர் கொஞ்சம் தயங்கினார்.

“மிச்சத்த எடுத்துக் காட்டச் சொல்றாரும்மா.”

“என்ன மிச்சம்?”

“அங்கால போனவங்கள்ல இந்தியா போகாதவங்க.”

அண்ணனை மீட்க நான் அரித்துக் காட்டினது, மாமியின் புருஷனை மற்றப் பக்கம் தள்ளியிருந்தது. ஒரு ஆச்சரியக்குறி போட்டால் போதும். அரிப்பு, முசலிச் சனத்தின் அத்தனை வீடும் ஒழுங்காக ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். முதல் வரியிலேயே மாமியின் வீடு வரும் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டு ஆட்கள் வன்னியில் அகப்பட்டுக் கிடப்பது உண்மைதான். பாதையை மூடினவர்களுக்கு அந்த உண்மையைச் சொல்லி விளக்க முடியாது.

“அதுக்கு நேரம் எடுக்கும்” என்றேன்.

அதிகாரிக்கு அது மொழிபெயர்க்காமலே விளங்கியது. துவக்கை எடுத்து என் விரல்களில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார், குழந்தைக்குத் தட்டுகிற மாதிரி. பிறகு திரையைக் காட்டினார்.

அரிதட்டைத் தட்டினேன். அதே பத்தி, அதே சொல், அதே இலக்கம், இலக்கத்துக்கு முன்னால் மட்டும் ஆச்சரியக்குறி. பிரிக்கும் குறி வருகிற இடத்தில் ரப்பைப் போடாமல் அரைப்புள்ளியைப் போட்டேன். அதிகாரி என் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மற்றதெல்லாம் முதல் தட்டினது மாதிரியேதான் இருந்தது. என்னை ஒரு கிழமை அழ வைத்த பிழையை நானே கூப்பிட்டு உள்ளே விட்டேன். ‘அங்கால’ இரண்டாக வெட்டுப்பட்டிருக்கும், ‘அங’ ஒரு பத்தியிலும் ‘கால’ அடுத்த பத்தியிலும். புள்ளி வைத்த சொல் எந்தப் பத்திக்குள்ளும் முழுதாக இருக்கவே முடியாது. மாதா மேல் பாரத்தைப் போட்டு என்ரர் (Enter) பொத்தானை அமத்தினேன்.

ஒரு வரியும் வரவில்லை. திரை சும்மா கிடந்தது, குறி மட்டும் மின்னி மின்னி நின்றது.

“முடிஞ்சுது. மிச்சம் ஒருத்தரும் இல்லை” என்றேன்.

அதிகாரி பொலிஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிசனின் கையில் கடதாசி இருந்தது. அவர் போட்ட சிவப்புக் கோடுகள் எத்தனை, முதல் தடவை திரையில் இறங்கின வரிகள் எத்தனை என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. திரையில் கிடந்த எழுத்தை வாசிக்க முடியாவிட்டாலும் வரிகளை எண்ணியிருப்பார். அவர் என்னைப் பார்த்தார். நான் கும்பிடவும் இல்லை, கண்ணைத் தாழ்த்தவும் இல்லை. அவர் கடதாசிகளை நாலாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார்.

“மொகுத் நே, சேர்” என்றார். ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

அதிகாரி வெகுநேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை. கோபம் இல்லை, ஏதோ தேடி வந்த சாமான் கடையில் இல்லாத மாதிரி ஒரு முகம். அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. எழும்பும்போது மூலையில் நின்ற பொறுப்பாளரின் முழங்கால் மடிப்பில் சப்பாத்தால் ஒரு உதை கொடுத்துவிட்டுப் போனார்.

நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அரிப்பு மாமி வாசலிலேயே நின்றா. அதிகாரி மிச்சப் பேர் கேட்டதை அவவுக்குச் சொன்னேன்.

“பிள்ளை, அந்த மிச்சப் பேரில என்ர மகன்ர பேர் வந்ததோ?”

“வரேல்லை மாமி. ஒருத்தற்ர பேரும் வரேல்லை. எல்லாரையும் விடுவினம்.”

மாமி என் இரண்டு கையையும் பிடித்துக் கொஞ்சினா. பிறகு உள்ளே போய் மகனுடைய சேட்டைத் தோய்த்துக் காயப்போட்டா, ஒரு முட்டை கடன் வாங்கி அவித்து வைத்தா. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது. ஒரு அரைப்புள்ளியால் ஆமியை ஏமாத்தினவள் என்று நடந்து திரிந்தேன்.

பொழுது சாயக்குள்ள லொறி வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். சின்னண்ணன் கடைசியாக இறங்கினான், இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. இடது கைவிரல்கள் நகமில்லாமல் கறுத்து வீங்கியிருந்தன. காதால் இரத்தம் வந்து கழுத்தில் காய்ந்திருந்தது. மாமி லொறிக்குள் எட்டிப் பார்த்தா. உள்ளே ஒருவரும் இல்லை. லொறி திரும்பிப் போய்விட்டது.

“அவன் நாளைக்கு வருவான்போல” என்று மாமி என்னிடம் சொன்னா. “பேர் வரேல்லைத்தானே.”

சின்னண்ணனைப் பாயில் கிடத்தி, அம்மா வாயைத் துடைக்கும்போது அவன் என்னைக் கிட்டக் கூப்பிட்டான்.

“அவனை முதல் நாளே அடிச்சே கொன்றுபோட்டாங்கள். உன்ர கொப்பன் எங்க எண்டு கேட்டாங்கள். அங்கால எண்டான். அடிச்சாங்கள். திரும்பவும் கேட்டாங்கள். திரும்பவும் அங்கால எண்டான். அவனுக்கு வேற சொல் தெரியேல்லை.”

அப்போதுதான் அந்த அதிகாரியின் முகம் எனக்கு விளங்கியது. ஆளைக் கொன்றுவிட்டு, ஆளின் பெயரை மிச்சத்தில் தேடி வந்திருக்கிறார். பெயர் வந்திருந்தால் கொன்றதற்கு அவருக்குக் காரணம் கிடைத்திருக்கும். வராததால் மற்றவர்களை விட்டார், பிரேதத்தை ஒருவருக்கும் காட்டாமல் விட்டார்.

மாமிக்கு யார் சொல்வது என்று அம்மா கேட்டா. சுவாமி வரட்டும் என்றார்கள். நான் காத்திருக்கவில்லை. அவ முட்டையை ஒரு கோப்பையால் மூடி வைத்துக்கொண்டு பாயில் இருந்தா. பக்கத்தில் இருந்து, சின்னண்ணன் சொன்னதைச் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். அவ அழவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டா, பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தா.

“பேர் வரேல்லையெண்டெல்லே பிள்ளை சொன்னனீ.”

“ஓம் மாமி” என்றேன். “வரேல்லை.”